குளோங் தோமில் ஒரு பத்தர் கல்

2025 ஜனவரியில் நாங்கள் நாலு பேர் தாய்லாந்தின் கிராபிக்குப் போய் வந்தோம். நாலு பேரும் சத்தியமங்கலத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். எல்லோருக்கும் வயது நாற்பத்தைந்தை நெருங்குகிறது. ஒருவன் சத்தி பூ மார்க்கெட்டில் மல்லிகை வியாபாரம் செய்கிறான். இன்னொருவன் அரசுப் பள்ளியில் வரலாற்று வாத்தியார். மூன்றாமவன் ஒரு வங்கிக்கு நகைக்கடன் மதிப்பீட்டாளர். அவனுடைய தாத்தா பொன் வேலை செய்தவர் என்பதால் ஆறாம் வகுப்பிலிருந்தே நாங்கள் அவனைக் கூப்பிடுவது 'பத்தர்' என்றுதான். அவனுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. பிடிக்காது என்று தெரிந்துதான் கூப்பிட்டோம், அப்படியே நின்றுவிட்டது. நாலாவது ஆள் நான். கோவையில் மென்பொருள் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்வெட்டு, பானை ஓடு, பாசிமணி என்று அலைவது.

இந்தக் குறிப்பில் பாதி ஊர் சுற்றிய கதை. மீதி, எட்டு வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு வரியைத் திரும்பப் பெறுவது. அந்த வரி தவறு என்று எனக்கு உறைத்தது அந்த ஊரில் வைத்துத்தான்.

ஆவோ நாங்

2023 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து அறிவித்ததும் எங்கள் வாட்ஸப் குழுவில் பேச்சு ஆரம்பித்தது. பேச்சு முடிந்து விமானம் ஏற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கோவையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து கிராபி. இறங்கி முக்கால் மணி நேரத்தில் ஆவோ நாங் என்ற கடற்கரை ஊர்.

படங்களில் பார்ப்பது போலத்தான் இருக்கிறது. கடலுக்குள்ளிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும் சுண்ணாம்புக்கல் பாறைகள், தலையில் கொஞ்சம் காடு. பக்கத்திலுள்ள ரைலே கடற்கரைக்குச் சாலையே கிடையாது. பாறைகள் மறித்துக்கொண்டிருப்பதால் படகில்தான் போக வேண்டும். அந்தப் படகை நான் அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு டீசல் எஞ்சினை அச்சில் பொருத்தி, அதிலிருந்து நீண்ட கம்பி, கம்பியின் முனையில் விசிறி. படகோட்டி எஞ்சினையே திருப்பித் திசை மாற்றுகிறார். ஆழம் குறைந்த இடத்தில் கம்பியை மேலே தூக்கிவிடுகிறார். தனியாகச் சுக்கான் வேண்டாம்.

ஜனவரியில் கடல் குளம் மாதிரி இருந்தது. மே பிறந்தால் இப்படி இருக்காது என்று படகோட்டி கையால் அலை போட்டுக் காட்டினார். அந்தச் சைகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சாயங்காலம் கடைவீதியில் ஒரு பெண் பூமாலை விற்றுக்கொண்டிருந்தார். பூக்காரன் சும்மா போவானா? ஒன்றை வாங்கி மோந்து பார்த்து, "இது நம்ம குண்டு மல்லியேதாண்டா" என்றான். பூவுக்குப் பெயர் கேட்டோம். "மலி" என்றார். மாலைக்கு? "புவாங் மாலாய்." வாத்தியாருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. "பாத்தியா, மல்லி, மாலை! ரெண்டும் தமிழ்டா!"

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடவில்லை. மல்லிகா, மாலா இரண்டும் வடமொழியிலும் பாலியிலும் இருக்கின்றன. தாய் மொழி ஆயிரக்கணக்கான சொற்களை அந்த வழியாகத்தான் எடுத்தது. ஓசை ஒன்றாக இருப்பதால் மட்டும் சொல் எங்கள் வீட்டிலிருந்து போனது என்று ஆகாது. "எப்பப் பாத்தாலும் நீ தண்ணி ஊத்தி அணைச்சுருவே" என்று வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

என் வரி என்னிடமே வந்தது

அன்றைக்கு ராத்திரி ரொட்டி தின்னப் போனோம். கிராபியில் முஸ்லிம்கள் நிறைய. தெருவோரம் ரொட்டிக் கடை போட்டிருக்கிறார்கள். மாவை வீசி, கல்லில் போட்டு, உள்ளே வாழைப்பழம் வைத்து மடிக்கிறார்கள். நம் பரோட்டாவுக்குத் தம்பி.

கல்லில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும்போது வாத்தியார் போனை எடுத்தான். "மல்லிய உட்டுரு. இதுக்கு என்ன சொல்றே?" யாரோ அனுப்பிய செய்தி. கடைசியில் கொடி, சிங்கம், கும்பிடும் கை. நடுவில் ஒரு வரி: தாய்லாந்தின் குளோங் தோமில் கிடைக்கும் சூதுபவள மணிகள் நம் கொங்கு நாட்டுக் கொடுமணலில் செய்யப்பட்டவை. போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் இதைப் பாடமாகவே சொன்னானாம்.

எனக்குத் தொண்டையில் அடைத்தது. அந்த வரி என்னுடையது. 2017-ல் நான் எழுதிய ஒரு குறிப்பிலிருந்து சொல் மாறாமல் எடுத்திருந்தார்கள். என் பெயர் மட்டும் இல்லை. அதை எழுதும்போது என்னிடம் இருந்த ஆதாரம் இரண்டு புகைப்படங்கள். ஒன்று கொடுமணல் மணி, இன்னொன்று குளோங் தோம் மணி. இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே வடிவம். மல்லிக்கும் மாலைக்கும் வாத்தியார் செய்ததை மணிக்கு நான் செய்திருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

"அது நான் எழுதினதுடா" என்றேன். சந்தோஷப்பட்டான். "தப்பா எழுதினது" என்றேன். பத்தர்தான் சிரித்தான். "அப்ப நாளைக்கு அங்கயே போயி ஒரைச்சுப் பாத்தர்லாம் வா."

மரகதக் குளம் வழியாக

குளோங் தோம், கிராபி நகரத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். நெடுஞ்சாலை எண் 4-ன் மேலேயே இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அந்தப் பக்கம் போவது வெந்நீர் அருவிக்கும் 'சா மொரகோட்' என்ற பச்சைத் தண்ணீர்க் குளத்துக்கும்தான். ஒரு வண்டி பேசிக்கொண்டு காலையில் கிளம்பினோம்.

கடற்கரையை விட்டுப் பத்து நிமிடம் போனால் வேறு நாடு. இரண்டு பக்கமும் ரப்பர், எண்ணெய்ப்பனை, திரும்பவும் ரப்பர். மரத்தில் சாய்வாகக் கீறிக் கீழே கிண்ணம் கட்டியிருக்கிறார்கள். குளம் இருக்கும் இடம் ஒரு வனவிலங்குச் சரணாலயம். சமவெளி மழைக்காட்டில் மிஞ்சிய துண்டு. கர்னி பிட்டா என்ற சின்னப் பறவைக்குத் தாய்லாந்தில் கடைசிப் புகலிடமாக இருந்த காடு அது. சுற்றியிருந்த தாழ்நிலக் காடு ரப்பராகவும் பனையாகவும் மாற மாறப் பறவை காணாமல் போனது. புலிகள் காப்பகத்தை ஒட்டி வாழும் எங்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சா மொரகோட் என்றால் மரகதக் குளம். மொரகோட், மரகதம், ஒரே சொல். வாத்தியார் என்னை ஓரக்கண்ணால் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. நானே சொன்னேன்: தமிழில் மரகதம் வடமொழி வழியாக வந்தது. அதற்குக் கிரேக்க 'ஸ்மராக்டோஸ்' உறவு. கற்கள் கைமாறிப் போன வழியிலேயே பெயரும் போயிருக்கிறது. எந்த ஊரும் அந்தச் சொல்லைத் தனக்கு மட்டும் என்று பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

மணிக் குன்றும் அந்தக் கல்லும்

குளோங் தோம் சின்ன ஊர். நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பௌத்தக் கோயில், வாட் குளோங் தோம். அதன் அருகில்தான் குவான் லுக்பட் என்ற மேடு. குவான் என்றால் குன்று, லுக்பட் என்றால் பாசிமணி. பெயரே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. மழை பெய்தால் மண்ணில் மணி தெரியுமாம். தெரிந்தவுடன் ஊர்க்காரர்களும் வியாபாரிகளும் தோண்ட ஆரம்பித்தார்கள், பெரும்பகுதி தோண்டிப் போய்விட்டது. எஞ்சியதில் கோயிலின் தலைமைத் துறவி சேர்த்து வைத்தவைதான் கோயில் அருங்காட்சியகமாக வளர்ந்தது.

கண்ணாடிப் பெட்டிகளில் மணிகள். கடுகு அளவில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலக் கண்ணாடி மணிகள் கோடிக்கணக்கில் இந்தியப் பெருங்கடலைச் சுற்றிக் கிடைக்கின்றன. பீட்டர் பிரான்சிஸ் என்ற ஆய்வாளர் இவற்றுக்கு இந்தோ–பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தார். உருகிய கண்ணாடியை உள்ளே பொள்ளலாக இருக்கும்படி நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி, சாம்பலோடு சேர்த்துச் சூடாக்கிக் கிளறினால் முனை மழுங்கி மணியாகும். மிகப் பழைய பட்டறைகளில் ஒன்று புதுச்சேரி அருகே அரிக்கமேடு. ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை இருபதாம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தது. குளோங் தோமில் மணி மட்டும் கிடைக்கவில்லை. கண்ணாடிக் கட்டிகளும் கழிவுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. அதாவது இங்கேயே செய்திருக்கிறார்கள். இது எனக்கு முதல் அடி.

அப்புறம் அந்தக் கல். உள்ளங்கையில் அடங்கும். நான் அதைப் பற்றிப் பத்து வருடமாகப் படித்திருக்கிறேன், மற்ற மூன்று பேருக்கும் தெரியாது. அதில் தமிழ்–பிராமி எழுத்தில் தமிழ் இருக்கிறது: பெரும்பதன் கல். எழுத்தின் வடிவத்தை வைத்து கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். அது ஓர் உரைகல். 'பதன்' என்பதைப் 'பத்தன்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். பழைய எழுத்தில் இரட்டிக்கும் மெய்யை விட்டுவிட்டு எழுதுவது சகஜம். பத்தன் என்றால் பொற்கொல்லன். பெரிய பத்தருடைய கல்.

நான் படித்துச் சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பத்தர் கண்ணாடிக்கு மூக்கு படும் தூரத்தில் நின்றான். "ஏண்டா, நெசமாவே பத்தன்னா போட்டிருக்கு?"

"நெசமாத்தாண்டா."

முப்பத்து நாலு வருடம் அவனைக் கிண்டலாகக் கூப்பிட்ட பெயர். பூக்காரன் அவன் தோளில் கை போட்டான். பத்தர் கையைத் தட்டிவிடவில்லை.

உரைகல் எப்படி வேலை செய்கிறது

அதற்குப் பிறகு வகுப்பெடுத்தது அவன்தான். வெளியே மர நிழலில் உட்கார்ந்து, அவன் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன்.

உரைகல் கருப்பாக இருக்க வேண்டும், கோட்டின் நிறம் தெரிவதற்கு. தங்கத்தைவிடக் கடினமாக இருக்க வேண்டும், உரசும்போது தங்கம் கல்லில் ஒட்டுவதற்கு. மணி மணியாக இல்லாமல் நெருக்கமான கல்லாக இருக்க வேண்டும், கோடு ஒரே சீராக விழுவதற்கு. அமிலம் பட்டால் கரையக் கூடாது.

நகையை அதில் ஒரு கோடு உரசுவார்கள். பக்கத்திலேயே, தரம் தெரிந்த தங்கம் வைத்த ஆணியால் இன்னொரு கோடு. இரண்டையும் ஒப்பிட வேண்டும். செம்பு அதிகம் கலந்தால் கோடு சிவக்கும். வெள்ளி அதிகம் கலந்தால் வெளுத்துப் பச்சை ஓடும். இந்தக் காலத்தில் மேலே ஒரு சொட்டு திராவகமும் விடுவார்கள். நைட்ரிக் அமிலம் செம்பையும் வெள்ளியையும் கரைக்கும், தங்கத்தைத் தொடாது. எந்தக் கோடு எவ்வளவு சீக்கிரம் மங்குகிறது என்பதில் தரம் தெரிந்துவிடும். பழங்காலத்தில் திராவகம் கிடையாது, கண்தான். 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று பேச்சுக்குச் சொல்கிறோமே, அந்த மாற்று இப்படி உரைத்துப் பார்த்துச் சொன்ன தரம்.

இதில் உலகத்துக்கு நாம் சொல்லிக்கொடுத்தோம், நமக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற சண்டைக்கு இடமில்லை. கி.மு. நாலாம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் தியோபிராஸ்டஸ் உரைகல்லைப் பற்றி எழுதியிருக்கிறார். அர்த்தசாஸ்திரம் கோட்டின் நிறங்களை வரிசைப்படுத்துகிறது. திருக்குறளில் 505-ஆம் குறள் இதைக் கட்டளைக்கல் என்கிறது.

இன்றைக்கு எக்ஸ்ரே வைத்துத் தரம் பார்க்கும் இயந்திரம் வந்துவிட்டது. 2021 முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமாகிவிட்டது. ஆனால் அடகுக்கு வருவது பெரும்பாலும் முத்திரை இல்லாத பழைய நகை. அதனால் பத்தர் இன்னமும் காலையில் பையில் போட்டுக்கொண்டு போவது கல்லும் ஆணியும் திராவகச் சீசாவும்தான். அந்தக் கல் அவன் தாத்தாவுடையது.

"கல்ல மட்டும் யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றான். "நகைய ஒரு கல்லுல ஒரைச்சு, ஆணிய இன்னொரு கல்லுல ஒரைச்சா கணக்கு தப்பிப் போகும். கை பழகின கல்லு வேணும்."

பிறகு அவன் கேட்ட கேள்விதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம். "எங்க தாத்தா கல்லுல பேரே கிடையாது தெரியுமா? ஊட்டுத் திண்ணைல ஒருத்தர்தான் வேலை செஞ்சாரு, யாருக்குன்னு பேரு போடறது? இந்த ஆளு எதுக்குப் போட்டாரு?"

கல் சொல்வதும் சொல்லாததும்

நான் பத்து வருடமாக அந்த எழுத்தை மொழியாகப் பார்த்தேன், காலமாகப் பார்த்தேன். ஒரு தொழிலாளி தன் கருவியில் எதற்குப் பெயர் போடுவான் என்று யோசித்ததே இல்லை. பெயர் போடுவது மற்றவன் படிப்பதற்கு. பல பேர் உட்கார்ந்து வேலை செய்யும் பட்டறையில், இது என் கல், எடுக்காதே என்று சொல்வதற்கு. அப்படியானால் அவரைச் சுற்றித் தமிழ் படிக்கத் தெரிந்த ஆட்கள் இருந்திருக்க வேண்டும்.

இங்கேயே குளோங் தோமில் தமிழ்த் தட்டார் தெரு ஒன்று இருந்தது என்று முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஒரு நிமிடம் பொறுங்கள். 2017-லும் இதே ஆசைதான்.

ஒன்று, பெயரைத் தமிழகத்தில் இருந்தபோதே பொறித்திருக்கலாம். படிக்கத் தெரிந்த சகாக்கள் அங்கே இருந்திருக்கலாம், இங்கே அவர் ஒற்றை ஆளாக வந்திருக்கலாம். இரண்டு, கல் மட்டும் வந்திருக்கலாம். நல்ல உரைகல்லுக்கு விலை உண்டு, கைமாறும். மூன்று, இந்தக் கல் எந்த மண்ணடுக்கில், எந்தப் பொருட்களோடு கிடந்தது என்று நமக்குத் தெரிந்தால் முதல் இரண்டில் எது என்று யோசிக்க வழியிருக்கும். பக்கத்தில் உலை இருந்ததா, பொன் துகள் இருந்ததா? மேடு கண்டபடி தோண்டப்பட்டதால் அந்த விவரம் போய்விட்டது. நிரலில் பிழை வந்தால் பதிவேட்டைப் பார்ப்போம். இங்கே பதிவேட்டையே மணிக்காகத் தோண்டி விற்றுவிட்டார்கள்.

ஆனாலும் கல் தனியாக இல்லை. வடக்கே ரனோங் மாகாணத்தில் பூ காவ் தோங் என்ற இடத்தில் தாய்–பிரெஞ்சு குழுவினர் முறையாக அகழ்ந்தபோது ஒரு பானை ஓட்டில் தமிழ்–பிராமி எழுத்து கிடைத்தது. ஐராவதம் மகாதேவன் அதைத் தமிழ் என்று உறுதி செய்தார். அதில் தமிழுக்கே உரிய 'ற' இருக்கிறது. காலம் கி.பி. 2-ஆம் நூற்றாண்டு. எஞ்சிய எழுத்துகள் துறவியைக் குறிக்கும் சொல்லின் பகுதியாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. பிறகு 9-ஆம் நூற்றாண்டில், பாங் நா மாகாணத்தின் தக்குவா பாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு. அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் வைத்ததைச் சொல்வது. மணிக்கிராமம் வணிகர் குழு.

ஆக இந்தக் கடற்கரைக்குத் தமிழ் தெரிந்தவர்கள் வந்து போனார்கள், சிலர் தங்கினார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. வாத்தியாருக்கு ஒரு திருத்தம் மட்டும் சொன்னேன். அவன் வண்டியில் வரும்போதெல்லாம் ராஜேந்திர சோழன் படையெடுப்பையே பேசிக்கொண்டு வந்தான். அது 1025. பெரும்பத்தன் கல் அதற்கு எழுநூறு வருடம் மூத்தது. படை வருவதற்கு வெகு முன்பே தட்டார் வந்துவிட்டார், அல்லது குறைந்தபட்சம் அவருடைய கல் வந்துவிட்டது.

கொடுமணல் மணி

இப்போது என் வரிக்கு வருகிறேன். கொடுமணல் நொய்யலின் வடகரையில், ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைப் பக்கம் இருக்கிறது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1985-லிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிறகு மற்றவர்களும் அகழ்ந்ததில் மணி செய்யும் தொழில் எல்லாப் படிகளிலும் தெரிந்தது. மூலக்கல், பாதி தட்டியது, துளை போடாதது, துளை போடும்போது உடைந்தது. பக்கத்தில் காங்கேயம் வட்டாரத்துப் படியூரில் பெரில் என்ற பச்சைக்கல் கிடைக்கிறது. சென்னிமலையில் இரும்புத் தாது.

சூதுபவளம் மட்டும் இந்த வட்டாரத்துக் கல் இல்லை. அதை வெளியிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள், குஜராத்தாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. அதே மூலக்கல் வேறு பட்டறைகளுக்கும் போயிருக்கிறது. அதிலும் முக்கியம், தாய்லாந்தின் கிழக்குக் கரையில் சும்போன் அருகே காவ் சாம் கேவ் என்ற இடத்தில் கிறிஸ்துவுக்கு முன்பே சூதுபவள மணி செய்யும் பட்டறைகள் இருந்தன. பெரெனிஸ் பெலினா என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அங்கே கிடைத்த கழிவுகளை ஆராய்ந்து, இந்தியத் தொழில்நுட்பத்தில் அங்கேயே செய்திருக்கிறார்கள் என்று காட்டினார்.

அதாவது ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மணிகள் மூன்று விதமாக வந்திருக்கலாம். இங்கே செய்து அங்கே போயிருக்கலாம். மூன்றாவது ஊரில் செய்து இரண்டு பக்கமும் போயிருக்கலாம். கைத்திறன் தெரிந்த ஆள் போய் அங்கேயே செய்திருக்கலாம். புகைப்படத்தைப் பார்த்து இதில் எது என்று சொல்ல முடியாது. நான் நகையைக் கல்லில் உரைக்காமல், பளபளப்பைப் பார்த்துக் கடன் கொடுத்திருக்கிறேன். அந்தக் கடனில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வரை மாட்டியிருக்கிறார்கள்.

குறுக்கு வழி ஊர்கள்

அப்படியானால் கொங்குக்கும் குளோங் தோமுக்கும் சம்பந்தமே இல்லையா என்று திரும்பி வரும் வழியில் பூக்காரன் கேட்டான். இருக்கிறது, நான் தேடிய இடத்தில் இல்லை.

படகோட்டி கையால் காட்டிய அலையை நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று பாய்மரத்தைக் கிழக்கே தள்ளும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று திரும்பக் கொண்டுவரும். வந்தவன் காற்று மாறும்வரை மாதக் கணக்கில் உட்கார வேண்டும். உட்கார்ந்த இடத்தில் பட்டறை முளைக்கும், குளம் வெட்டத் தோன்றும். சீனப் பக்கம் போக வேண்டிய சரக்கு மலாக்கா நீரிணை வரை தெற்கே இறங்கிச் சுற்றினால் பாதை வெகுநீளம். மலாய்த் தீபகற்பமோ ஒல்லியான நிலம், கிராவில் அகலம் வெறும் 44 கிலோமீட்டர் அளவுதான். அதனால் மேற்குக் கரையில் இறக்கி, ஆற்றிலும் காட்டு வழியிலும் கடத்தி, கிழக்குக் கரையில் வேறு கப்பலில் ஏற்றுவது லாபம். குளோங் தோம் அப்படி ஓர் இறங்குமுகம் என்பதுதான் ஆய்வாளர்கள் கணிப்பு.

நம் ஊரைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகல இடைவெளி பாலக்காட்டில். முசிறியில் இறங்கிய சரக்கு குமரிமுனையைச் சுற்றாமல் அந்த வழியே கொங்குக்குள் நுழைந்து, கரூர், உறையூர் வழியாகக் காவிரிப்பூம்பட்டினம் வரை போக முடியும். வெள்ளலூரில் ரோமானியக் காசுக் குவியல்கள் கிடைத்ததற்கும் கொடுமணல் அந்த இடத்தில் வளர்ந்ததற்கும் இதுவே காரணம். கோவை சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் இருக்கும் ராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு பிற்காலத்தது என்றாலும் அதே பாதையின் நினைவுதான்.

குளோங் தோமும் கொங்கும் இரண்டு கடலுக்கு நடுவே சரக்கைத் தரைவழியாகக் கடத்திவிட்ட இடங்கள். அப்படிப்பட்ட இடத்தில் பல ஊர் ஆட்கள் கூடுவார்கள், யாருடைய பொன்னும் வரும், யாரையும் யாருக்கும் முன்பின் தெரியாது. அங்கே தங்கத்தின் தரம் சொல்ல ஒருவர் வேண்டும். பெரும்பத்தனுக்கு அங்கே வேலை இருந்ததில் ஆச்சரியம் இல்லை. இது என் ஊகம். ஊகம் என்று போட்டுத்தான் எழுதுகிறேன்.

ஊர் திரும்பியபின்

2017 குறிப்பில் அந்த வரியை அழிக்கவில்லை. குறுக்கே கோடு போட்டு, கீழே ஏன் தவறு என்று எழுதி வைத்திருக்கிறேன். சுற்றிக்கொண்டிருக்கும் வாட்ஸப் செய்தியை என்னால் பிடிக்க முடியாது. உங்கள் போனுக்கு வந்தால் இந்தக் குறிப்பைத் திருப்பி அனுப்புங்கள்.

வாத்தியார் இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கொடுமணலுக்கு அழைத்துப் போனான். என்னையும் வரச் சொன்னான். போன வருடம் நான் சொன்னதில் ஒரு தப்பு இருக்கிறது என்று அவனே ஆரம்பித்தான். ஒரு பையன் கேட்டான்: "அப்ப இந்த மணி எங்க போச்சுங்க சார்?" தேடிட்டு இருக்காங்க கண்ணு என்றான் வாத்தியார்.

கிராபி போகிறவர்கள் அரை நாளை குளோங் தோமுக்கு ஒதுக்குங்கள். வெந்நீர் அருவியும் குளமும் அதே பக்கம்தான், காலையில் அவற்றை முடித்துவிட்டு மத்தியானம் கோயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று விடுதியில் விசாரித்துக்கொள்ளுங்கள். வழியில் பழைய மணி என்று விற்றால் வாங்காதீர்கள். நிஜமாகவே பழையதாக இருந்தால் அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற விவரத்தைத் தொலைத்துவிட்டு வந்த மணி. அதை வாங்க ஆள் இருக்கும்வரை தோண்டுவார்கள்.

பத்தரை இப்போதும் பத்தர் என்றுதான் கூப்பிடுகிறோம். போன வாரம் வங்கிக்குப் போனபோது, மேஜை மேல் இருந்த தாத்தாவின் கல்லைத் திருப்பிக் காட்டினான். சுத்தமாக, பெயர் இல்லாமல் இருந்தது. "எழுதிப் போடட்டுமா?" என்றான். யார் படிப்பதற்கு என்று கேட்டேன். யோசித்துவிட்டு, வரிசையில் நின்ற அம்மாவின் வளையலை வாங்கி ஒரு கோடு உரசினான்.